துடக்குக் கழியும்வரை

என்னுடைய பழைய கைத்தொலைபேசியில் ஒரு பட்டியல் இன்னும் அழியாமல் கிடக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகள். பெயர்களை எழுதவில்லை. "பனைவளவு", "சந்தி மேசன்", "கனடா மாடி" என்று எனக்கு மட்டும் விளங்கும் அடையாளங்கள். இருபத்தைந்து வீடுகளுக்கு எதிரே சரி போட்டிருக்கிறேன். ஆறுக்கு எதிரே கேள்விக்குறி. மற்ற வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது இருபத்தெட்டு.

அது ஒரு தலைவரை நீக்குவதற்காகப் போட்ட பட்டியல். புங்குடுதீவில் எங்கள் வட்டாரத்துக் குடிநீர்க் கிணற்றுச் சங்கத்தின் தலைவர் அவர். சின்னச் சங்கம்தான். ஆனால் நாடாளுமன்றத்தில் ஒருவரைப் பதவி நீக்கும் குற்றப்பிரேரணையைக் கையில் வைத்துக்கொண்டு யார் வருவார், யார் கழன்றுவிடுவார், இப்போது கொண்டுவருவதா பிறகு கொண்டுவருவதா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பற்றிச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல் ஞாபகம் வரும். அவர்கள் எண்ணுவதுபோலத்தான் நானும் எண்ணினேன்.

கிணற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. குளிக்கவும் துணி தோய்க்கவும் அந்தத் தண்ணீர் போதும், குடிக்க முடியாது. குடிக்கக்கூடிய தண்ணீர் கோயிலுக்குத் தெற்கே உள்ள ஒரேயொரு கிணற்றில்தான். தீவின் அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகக் கிடக்கிறது. அளவாக அள்ளினால் மாரிக்கு மாரி நிரம்பிக்கொள்ளும். அவசரப்பட்டு இறைத்தால், இறைக்கிற இடத்தை நோக்கிக் கீழேயிருக்கும் உப்பு கூம்புபோல் மேலே எழும். எழுவதற்குச் சில கிழமைகள் போதும். திரும்ப இறங்க எத்தனை மாரி வேண்டும் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததில் என் ஊருக்கு நேரடியாகப் பொருந்திய பாடம் இது ஒன்றுதான்.

சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பில் இதற்கு ஒரு விதி இருந்தது. காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டுமே மோட்டர் ஓடலாம். வெள்ளிக்கிழமைகளில் செயலாளர் தண்ணீரில் உள்ள உப்பை அளக்க வேண்டும். அளவு வரம்பைத் தாண்டினால் மோட்டரை நிறுத்திவிட்டு, வாளியால் அள்ள மட்டும் விட வேண்டும். அந்தச் செயலாளர் நான். அளக்கும் மானி ஒரு பேனையளவு. தண்ணீருக்குள் அதன் நுனியை வைத்தால் ஒரு எண் காட்டும். எண் கூடினால் உப்புக் கூட. அதை ஒரு கொப்பியில் எழுதி, வரம்புக்குச் சிவப்பு மையால் கோடு கீறி வைத்திருந்தேன்.

யாப்பை எழுதியவர் ஒரு இளைப்பாறிய தபாலதிபர். நான் சங்கத்துக்கு வருவதற்கு முன்னமே அவர் காலமாகிவிட்டார். தலைவரை நீக்கும் பகுதியை அவர் நாட்டின் அரசியலமைப்பைப் பார்த்து எழுதினார் என்று சொல்வார்கள். குற்றங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். தலைவர் நேரில் வந்து பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு அங்கத்தவர்கள் கையுயர்த்த வேண்டும். நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

தலைவர் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். யுத்தகால இடப்பெயர்வெல்லாம் முடிந்து சனம் ஊர் திரும்பியபோது அந்தக் கிணறு பற்றைக்குள் மூடுண்டு கிடந்தது. உள்ளே என்ன கிடக்கிறதோ என்று ஒருவரும் கிட்டப் போகவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவர் அவர்தான். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கறுப்புச் சேறு பூசிய மனிதர் மேலே வந்து, இருமிவிட்டு, "நல்ல ஊத்து, செத்துப்போகேல்லை" என்றார். கட்டு உயர்த்தியது, மோட்டர் கொட்டில் போட்டது, குழாய் இழுத்தது எல்லாம் அவர் முன்னின்று செய்தவை. பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை.

பிரச்சினை தொடங்கியது சில வருடங்களுக்கு முந்திய ஒரு கோடையில். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பூட்டிக்கிடந்த பெரிய வீடுகள் சில விடுதிகளாகின. ஆடி, ஆவணியில் திருவிழாவும் அவர்களுடைய விடுமுறையும் ஒன்றாக வரும். விடுதிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் லொறிகளை நிரப்ப எங்கள் கிணற்றைத் தலைவர் திறந்துவிட்டார். சமையல், துப்புரவு, ஓட்டோ என்று வட்டாரத்தில் பலருக்கு அதனால் வேலை கிடைத்தது. மோட்டர் காலையில் மூன்று மணித்தியாலம் ஓடத் தொடங்கியது.

விதியைக் காட்டலாம் என்று கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்தேன். அதற்கு முந்திய கிழமைதான், ஏதோ விண்ணப்பத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று தலைவர் அதை என்னிடம் வாங்கிப் போய்த் திருப்பித் தந்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்தின் அறிக்கைக்கும் என் கையொப்பத்துக்கும் இடையில் இரண்டு வரி வெறுமையாக விடுவது என் பழக்கம். பார்க்க ஒழுங்காக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பங்குனி மாதக் கூட்டத்தின் கீழே அந்த இரண்டு வரியும் நிரம்பியிருந்தன. "அவசியம் ஏற்படுமிடத்து மோட்டர் ஓடும் நேரத்தையும் உப்பின் வரம்பையும் தலைவரே தீர்மானிக்கலாம் என ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

அதற்குக் கீழே என் கையொப்பம்.

அன்று பின்னேரமே புத்தகத்துடன் அவர் வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையில் கதிரை இழுத்துப் போட்டார். நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"அண்ணை, இது கூட்டத்தில வரேல்லை."

"வரேல்லைத்தான்."

மறுப்பார் என்று நினைத்து நான் தயார்பண்ணிப் போயிருந்த நாலு கேள்விகளும் அந்த ஒரு சொல்லில் வீணாகிவிட்டன.

"பிள்ளை, நான் கூட்டத்தில கேட்டிருந்தா சனம் ஓம் எண்டிருக்குமோ, இல்லையோ?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "ஓம் எண்டிருக்கும்."

"பிறகென்ன? அவையின்ர ஓமைத்தான் எழுதினனான். நீர் படிச்சனீர். படிச்ச ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கூட்டம் வேணும்." சிரித்தார். "இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அவர் கள்ளத்தனமாகச் செய்யவில்லை என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது. தான் பிழை செய்ததாக அவருக்குத் தோன்றவேயில்லை. எங்களுடைய ஓம் தன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

நான் இந்த விஷயத்தை முதலில் சொன்னது சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்காவிடம். வேலணைப் பக்கம் உள்ள அரசாங்கக் கந்தோரில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். காலை பஸ் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். தகரக் கூரை, இருக்க இரண்டு வாங்கு, ஒரு அடுப்பு. புருஷன் இல்லாத அக்கா அந்தக் கடையில்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்துக் கரைசேர்த்தார். அவருடைய பால் தேத்தண்ணிக்காக பஸ் சாரதியே இரண்டு நிமிஷம் கூட நிற்பாட்டுவார். கைப்பக்குவம் என்று யாராவது சொன்னால் அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். "கையுமில்லை காலுமில்லை, தண்ணி" என்பார். உப்புத் தண்ணீரில் பால் திரிந்துவிடும். அந்தக் கிணறு கெட்டால் வட்டாரத்தில் முதலில் சாகிற அடுப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப ஆளை எடுக்க வேண்டியதுதானே? புத்தகத்தைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு ஏன் திரியிறீர்?" என்றார்.

"இருபத்தெட்டு வீடு வேணும் அக்கா."

"நாட்டின்ர ஜனாதிபதியை அனுப்ப இவ்வளவு கரைச்சல் இல்லையே. சனம் மாளிகைக்குள்ள போய்க் குளிச்சிட்டெல்லோ வந்தது. ஆள் தானா ஓடினார்."

வாங்கில் இருந்த ஓட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்கட ஆளின்ர வீட்டில நீச்சல்குளம் இல்லையக்கா. குளிக்கிறதெண்டா அவற்ற கிணத்தடிக்குத்தான் போகவேணும். அதுவும் உப்புச் சவர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சிரிக்காமல், "அங்க குற்றப்பிரேரணை ஒண்டும் நிறைவேறேல்லை அக்கா. அவர் விட்டிட்டுப் போனவர். அது வேற, இது வேற" என்றேன்.

"என்ன வேற? ஆள் போனது போனதுதானே?"

அந்த வித்தியாசம் அக்காவுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அது நன்றாக விளங்கும் என்றும் நினைத்திருந்தேன்.

குற்றப்பத்திரத்தில் மூன்று விஷயங்களை எழுதினேன். முதலாவது, கூட்டறிக்கையில் இல்லாத தீர்மானத்தை எழுதியது. இரண்டாவது, விதியை மீறி மோட்டர் ஓடவிட்டது. மூன்றாவது, சங்கத்தைக் கேட்காமல் வெளியாருக்குத் தண்ணீர் கொடுத்தது. பிறகு சனி, ஞாயிறுகளில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனேன். சிலர் உடனே ஓம் என்றார்கள். சிலர், "என்ர மகன் ஓட்டோ ஓடுறான் பிள்ளை, என்ன செய்ய?" என்றார்கள். ஒரு வீட்டில், "கிணத்துக்க இறங்கின மனிசனை எப்பிடிப் பிள்ளை இறக்கிறது?" என்று கேட்டார்கள். அந்த வீட்டுக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன். பதினைந்து வீடு சேர்ந்தது, அதற்கு மேல் ஏறவில்லை.

அப்போதுதான் உப தலைவரிடம் போனேன். தலைவருக்கு அடுத்து அந்தக் கதிரைக்கு வரக்கூடியவர் அவர்தான். கடைசித் தேர்தலில் ஒரு கட்சிக்காக நோட்டீஸ் கொடுத்துத் திரிந்தவர். கையில் பத்து வீடு உண்டு. குற்றப்பத்திரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, முதலாவது விஷயத்தின் மேல் விரலை வைத்தார்.

"உந்தப் புத்தகக் கதையை விடும் தங்கச்சி. தண்ணிக் கதை மட்டும் போதும்."

"அதுதானே அண்ணை பெரிய பிழை?"

"பிழைதான். ஆனா அந்த வரி அப்பிடியே கிடக்கட்டும். நாளைக்கு ஒரு அவசரத்துக்கு எங்களுக்கும் தேவைப்படும்."

அந்த இடத்தில் நான் எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வீடு. வரும் வழியில் ஸ்கூட்டரை வேலியோரம் நிற்பாட்டி, கைத்தொலைபேசியில் பத்துச் சரிகளைப் போட்டேன். அன்றிரவே குற்றப்பத்திரத்தில் முதலாவது விஷயத்தை வெட்டிவிட்டு, மற்ற இரண்டுக்கும் புதிதாக இலக்கம் போட்டேன். முதலில் ஆள் போகட்டும், வரியைப் பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

இன்னொரு பயமும் இருந்தது. பெரிய குழாய்த் திட்டம் ஒன்றுக்கு எங்கள் சங்கம் விண்ணப்பித்திருந்தது. அதில் இருந்தது இந்தத் தலைவரின் கையொப்பம். நான் கந்தோரில் வேலை செய்கிறவள், உள்ளே சண்டை பிடிக்கிற சங்கத்தின் விண்ணப்பக் கோவை மேசையில் எந்த இடத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தலைவரை நடுவில் நீக்கினால் விண்ணப்பம் திரும்பி வரும். அப்படி வந்தால் சனம் தலைவரைத் திட்டாது, என்னைத் திட்டும். இதையும் பட்டியலின் கீழே எழுதி வைத்திருந்தேன்.

என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டம் குறித்தாகிவிட்டது. இடம் வழமைபோலக் கோயில் மடம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் கூட்டமெல்லாம் அங்கேதான். ஆறு கேள்விக்குறிகளில் மூன்று வீடாவது அதற்குள் எங்கள் பக்கம் திரும்பும் என்று நம்பினேன். வியாழக்கிழமை காலை கனடாவிலிருந்து செய்தி வந்தது. தலைவரின் தமையன் இறந்துவிட்டார்.

சவம் அங்கே எரிந்தாலும் சாவுத் தீட்டான துடக்கு இங்கேயும் உண்டு. முப்பத்தொரு நாள். அதுவரை அவர் கோயிலுக்குள் வரமாட்டார், மடத்துக்குள்ளும் வரமாட்டார். யாப்பின்படி அவர் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். அவர் வர முடியாத இடத்தில் வைத்து அவரை விசாரிப்பது விதிக்கு மாறு.

இது ஒரு சிக்கல். பட்டியலில் நடந்தது இன்னொரு சிக்கல். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எட்டு வீட்டார் என்னோடு கதைத்தார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "செத்த வீட்டுக்காரருக்கு எதிராக் கையுயர்த்திறதோ பிள்ளை? துடக்குக் கழியட்டும்." உப தலைவரும் தொலைபேசியில் எடுத்தார். "இப்ப வைச்சா அந்தாளுக்கு அனுதாபம். முப்பத்தொண்டு முடியட்டும் தங்கச்சி, சுளையா முப்பது வீடு தாறன்."

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாடசாலை மண்டபத்தில் கூட்டத்தை வைத்திருக்கலாம். அங்கே துடக்குக்காரர் வரத் தடையில்லை. தலைவர் வந்து கதிரையில் இருந்து தன் பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். கூட்டம் மடத்தில்தான் நடக்க வேண்டும் என்று யாப்பில் எங்கேயும் இல்லை. வியாழக்கிழமை செய்தி வந்த அரை மணித்தியாலத்துக்குள் எனக்கு அது தோன்றிவிட்டது. மண்டபத்தைக் கேட்டுப் பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம்கூட எழுதிக் கைப்பைக்குள் வைத்தேன். ஆனால் அந்த யோசனையை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் நடந்துவிடும், நடந்தால் தோற்றுவிடுவோம் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த யோசனை வரவேயில்லை. மடத்தை விட்டால் வேறு இடம் உண்டு என்று எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் நினைப்பதில்லை. நான் நினைத்துவிட்டு மறைத்தேன்.

தேத்தண்ணிக் கடை அக்காவிடம், "முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே அக்கா, முப்பத்தொண்டு முடியட்டும்" என்றேன்.

அவர் தேத்தண்ணி ஆத்துவதை நிறுத்தவில்லை. "தண்ணிக்குத் துடக்குத் தெரியுமே பிள்ளை?"

தெரியாது. அந்த முப்பத்தொரு நாளும் திருவிழாக் காலம். மோட்டர் காலையில் நாலு மணித்தியாலம் ஓடியது. முதலாவது வெள்ளிக்கிழமை மானி காட்டிய எண் சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட வந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை கோட்டைத் தொட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை தாண்டியது. பழைய விதியின்படி அன்று மோட்டரை நிறுத்த வேண்டும். மோட்டர்க் கொட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். சாவி வைத்திருந்தவர், "தலைவர்தான் தீர்மானிக்கலாம் எண்டு நீங்கள்தானே எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறியள்" என்றார். அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாள் தலைவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அளவுகளை எழுதிய கொப்பி கைப்பைக்குள் இருந்தது. அவர் அதே விறாந்தையில், தாடியோடு, தரையில் பாய் போட்டு இருந்தார். தமையனும் தானும் சின்ன வயதில் அந்தக் கிணற்றடியில் வாளிக்காகச் சண்டைபிடித்த கதையைச் சொன்னார். "கடைசியா வந்தபோது ஒரு போத்தல் தண்ணி நிரப்பிக் கொண்டு போனவன் பிள்ளை. அங்க கொண்டுபோய் வைச்சுச் சொட்டுச் சொட்டாக் குடிச்சவனாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

கொப்பியை எடுக்கவா விடவா என்று யோசித்துக்கொண்டு நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் எழும்பினேன். செத்த வீட்டிலிருந்து போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. ஒன்றும் பேசாமல் இறங்கி வந்துவிட வேண்டும். அந்த வழக்கம் அன்று எனக்கு நல்ல வசதியாக இருந்தது. வாய் திறக்காமல் வேலிப் படலையைத் தாண்டினேன். என் பயத்தை யாரும் பயம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள், மரியாதை என்றே நினைத்திருப்பார்கள்.

இருபத்தாறாம் நாளோ இருபத்தேழாம் நாளோ காலை பஸ்ஸுக்கு வந்தேன்.  அக்கா பெரிய பால் ஏதனத்தைச் சரித்து எனக்குக் காட்டினார். பால் திரிந்து கட்டி கட்டியாகக் கிடந்தது.

"பால் பழுதோ அக்கா?" என்று கேட்டேன். பழுதில்லை என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"ரெண்டாந்தரம் வேற பாலில காய்ச்சினனான்." ஏதனத்தைத் தூக்கிப் போய் வேலியோரம் ஊற்றினார். திரும்பி வந்து அடுப்பை நூர்த்து அணைத்தார். "பஸ் வருது, போம்" என்றார்.

துடக்குக் கழிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மடம் நிறையச் சனம். தண்ணீர் சவர்த்துவிட்டது என்று அதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. உப தலைவர் சொன்னது சரி, கண்ணால் எண்ணியே எங்கள் பக்கம் முப்பது வீட்டுக்கு மேல் இருந்தது. தலைவர் முகம் வழித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியோடு வந்து முன் கதிரையில் இருந்தார். நான் குற்றப்பத்திரத்தை வாசிக்க எழும்பினேன். அவர் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் பிள்ளை" என்றார்.

"அண்ணனும் போயிட்டான். எனக்கும் முன்னைப்போல ஏலாது. நான் விலகிறன்." மடித்த கடிதத்தை மேசையில் வைத்தார்.

 பிறகு உப தலைவர் எழும்பினார். தலைவரின் பல வருடச் சேவைக்கு நன்றி தெரிவித்து விலகலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பிரேரித்தார். நாலைந்து குரல்கள் ஒன்றாக ஆமோதித்தன. கை தட்டினார்கள். நான் இன்னும் கடதாசியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"செயலாளர், இனி அது தேவையில்லைத்தானே? இல்லாத தலைவரை எப்பிடி நீக்கிறது?" என்றார் உப தலைவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து தேத்தண்ணிக் கடை அக்கா எழும்பினார். "அவர் போறார் சரி. என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அப்ப என்ர தண்ணி?"

"பவுசரில நல்ல தண்ணி எடுப்பிப்பம் அக்கா, இரும்" என்றார் உப தலைவர். சிலர் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். நன்றித் தீர்மானத்தை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். குற்றம் ஒன்றும் அந்தப் புத்தகத்தில் ஏறவில்லை. அது வேற, இது வேற என்று பஸ் தரிப்பில் நான் விளங்கப்படுத்தியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் பயந்ததெல்லாம் எப்படியும் நடந்தது. தலைவர் மாறியதால் குழாய்த் திட்ட விண்ணப்பம் புதிய கையொப்பத்துக்காகத் திரும்பி வந்தது. இன்றுவரை அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உப தலைவர் தலைவரானார். முதல் மாதமே அந்த இரண்டு வரியைக் காட்டி மோட்டர் நேரத்தைத் தானே தீர்மானித்தார். பழைய தலைவர் இப்போதும் என்னைக் கண்டால், "என்ன பிள்ளை, கந்தோரோ?" என்று கேட்டுச் சிரிப்பார். கிணற்றடிப் பக்கம் மட்டும் போகமாட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பாடசாலை மண்டபத்தில் கூட்டத்தை வைத்துப் பதினேழு கையோடு தோற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். தலைவர் தலைவராகவே இருந்திருப்பார். என்னை மனச்சாட்சி இல்லாதவள் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் சிவப்புக் கோட்டைப் பற்றி ஒருமுறை சத்தமாக, எல்லோர் முன்னும் சொல்லியிருப்பேன். அவரும் ஊற்று செத்துப்போகாமல் பார்த்தவர்தானே, கேட்டிருக்கவும் கூடும். தோற்பதைத்தான் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயமாக என் பட்டியலில் எழுதியிருந்தேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

அக்கா கொஞ்ச நாள் பவுசர்த் தண்ணீரில் சமாளித்துப் பார்த்தார். அது வரும் நாளும் வராத நாளும் அவருக்கு ஒத்துவரவில்லை. மூத்த மகள் இருக்கும் வேலணைப் பக்கம் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அங்கத்துவ அட்டையை என்னிடம் தந்தார். "தண்ணி அள்ளாத ஆளுக்கு உது ஏன்?" என்றார். நான் வைத்திருங்கோ என்று சொன்னேன். அவர் வாங்கவில்லை.

இரண்டு மாரி போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் நான் இன்னும் அளக்கிறேன். எண் மெல்ல இறங்குகிறது. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் தூரம்.

போன மாதக் கூட்டத்தில் கடைசியாக எழும்பினேன். பங்குனி மாத அறிக்கையின் கீழ் உள்ள தீர்மானம் கூட்டத்தில் நிறைவேற்றப்படவில்லை, அதை நீக்கிக் குறிப்பு எழுத வேண்டும் என்று பிரேரித்தேன். என் பெயரைச் சொல்லி, அது என் கையொப்பத்துக்கு மேலே எழுதப்பட்டது என்றும் சொன்னேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பார்கள் என்று நினைத்து நான் பதில்கள் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அவையும் தேவைப்படவில்லை. புதிய தலைவர், "ஆமோதிக்கிறது ஆர்?" என்று கேட்டார்.  நான் என்னை அறியாமல் பெண்கள் பக்கம் திரும்பினேன். அக்கா இருக்கிற இடத்தில் வேறு ஒருவர் இருந்தார்.

"ஆமோதிக்க ஆளில்லாட்டி அடுத்த விஷயத்துக்குப் போவம்" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து அறிக்கையை எழுதினேன். பிரேரித்தவர் என்ற இடத்தில் செயலாளர் என்று எழுதினேன். ஆமோதித்தவர் என்ற இடத்தில் ஒருவருமில்லை என்று எழுதினேன். கையொப்பத்துக்கு மேலே வழமைபோல இரண்டு வரி மிஞ்சியது. அடிமட்டக் கோலை வைத்து அதற்குக் குறுக்கே கோடு கீறிவிட்டுக் கையொப்பம் வைத்தேன்.